நாற்பத்திரண்டு எட்டு

எதுவும் உடையாது என்று எழுதியிருந்தாள். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் ஒன்று என்று எண் போட்டு வட்டம் சுழித்து, அதற்கு நேராக, உருண்டை வரும், மவுஸைப் பிடித்துத் திருப்பிப் பாருங்கள், பயப்படாதீர்கள், எதுவும் உடையாது அப்பா. அவளுக்கென்ன, எழுதி வைத்துவிட்டு டிபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு எட்டரை மணி பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள். சோணைமுத்து லாப்டாப்புக்கு முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் விறைத்து உட்கார்ந்து, கறுப்புக்குள் பிடிமானம் இல்லாமல் தொங்குகிற பூமியைப் பார்த்தான். உடையாதாம். உடைகிறது என்றால் என்னவென்று அவனிடம் கேட்க வேண்டும். மண்டை உடைந்தால் தேங்காய் உடைகிற மாதிரிச் சத்தம் வரும் என்று சொல்கிறவர்கள் ஒருவரும் அதைக் கேட்டவர்கள் இல்லை. அது ஈரமான சத்தம். நனைந்த வரப்பில் மண்வெட்டி இறங்கும்போது வருமே, கிட்டத்தட்ட அது. பதினாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஆடி மாதக் காலையில் சித்தப்பா மகன் தங்கையாவை, அவன் கையிலிருந்த மண்வெட்டியையே பிடுங்கி அடித்துக் கொன்றவன் சோணைமுத்து. பதினோரு வருஷம் மத்திய சிறை. நன்னடத்தை என்று சொல்லி விட்டார்கள், வெளியே வந்து மூன்று வருஷம் ஆகிறது. சத்தம் இன்னும் போகவில்லை. மகள் பூசணிக்காய் நறுக்க உட்கார்ந்தால் எழுந்து மாடிப்படிக்குப் போய்விடுவான். மவுஸை இழுத்தான். பூமி தலைகுப்புற உருண்டது. வெறும் கடலாக வந்தது, பிறகு பனி, பிறகு மறுபடி கடல். இத்தனை பெரிய உருண்டையில் அவன் தேட வேண்டியது பத்தடி அகலம்.

இரண்டு: மேலே உள்ள கட்டத்தில் ஊர்ப்பெயர் அடித்து எண்டரைத் தட்டுங்கள். ஒவ்வொரு எழுத்தாக விரலால் குத்தினான். வேப்பங்குளம் என்று அடித்ததும் கீழே ஆறு வேப்பங்குளம் வரிசை கட்டி நின்றது. அட, ஆறு ஊரில் ஆறு வரப்பு, ஆறு தங்கையா. தாலுகா பெயரைப் பார்த்து நாலாவதைத் தட்டினான். தட்டியதுதான் தாமதம், பூமி அவனை நோக்கிப் பாய்ந்தது. யாரோ காலைப் பிடித்து மேலிருந்து தலைகீழாக விட்ட மாதிரி இந்தியா வந்தது, கடற்கரை வந்தது, மதுரை சாம்பலாகச் சிதறிப் போனது, வைகை ஒரு கீறல், செம்மண், பச்சை, முள், வருகிறது வருகிறது, சோணைமுத்து கையைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டான். ஜெயிலில் முதல் வருஷம் வார்டில் ஒருவன் சோற்றுத்தட்டை வீசியபோது இப்படித்தான் தூக்கினான், அப்போது சுண்டுவிரல் ஒடிந்தது, இன்னும் மடங்காது. விரலுக்கு இடையே பார்த்தான். கூரைகள். அசையாமல் கிடந்தன. சீ, இதற்கா பயந்தாய் என்று தன்னையே திட்டிக்கொண்டான். நேற்றுச் சாயங்காலம் மகள் நித்யகலா சொன்னதை நினைத்துக்கொண்டான். "வக்கீல் சொல்றார்ப்பா, பழைய வருசத்துப் படமெல்லாம் இதுல இருக்காம். வரப்பு எங்க இருந்துச்சு, எங்க வந்துச்சுன்னு எடுத்துக் காட்டுனா கோர்ட்டு ஒத்துக்குமாம். எனக்கு மேல இருந்து பாத்தா எந்தக் காடுன்னே தெரியல. உங்களுக்குத்தான் அடையாளம் தெரியும்." அந்தப் பத்தடிக்குத்தான் வழக்கு. அவன் போடவில்லை, மகள் போட்டது. "எதுக்கும்மா இந்தச் சனியன், விட்ருவமே" என்று அவன் இழுத்ததற்கு அவள் பிடித்துக்கொண்டாள். "எட்டாங் கிளாஸ்ல என்னிய என்னான்னு கூப்புடுவாங்க தெரியுமாப்பா? கொலகாரன் மகளே, சாக்பீஸ் எடுத்துட்டு வா. நான் ஒவ்வொருத்திகிட்டயும் சொல்லுவேன், எங்க நெலத்தத் திருடுனான், அதான் எங்கப்பா வெட்டுச்சுன்னு. அத ஒரு தடவ கோர்ட்டு சொல்லணும். சொன்னாப் போதும். நெலங்கூட வேணாம்." சொல்லிவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு தோசை ஊற்றப் போனாள். தோசை கருகியது, இருவரும் கருகலையே தின்றார்கள்.

மூன்று: சக்கரத்தை உருட்டினால் கிட்டே போகும், அழுத்திப் பிடித்து இழுத்தால் நகரும். இழுத்தான். ஊர் கோயில் கோபுரம் ஒரு வெள்ளைப் புள்ளி. பள்ளிக்கூடத்து ஓட்டு வரிசை. அதற்குத் தெற்கே இரண்டாவது சந்தில் தகரக் கூரை, அது பஞ்சவர்ணத்தின் வீடு, தங்கையாவின் பெண்டாட்டி. கோர்ட்டில் சாட்சிக் கூண்டில் நின்று அவனைப் பார்த்துக் காறித் துப்பியவள், ஜட்ஜ் அதட்டியும் இரண்டாம் தரம் துப்பியவள். தகரத்தில் வெயில் பட்டுப் பளபளத்தது. சோணைமுத்து கட்டைவிரலை அந்தக் கூரை மேல் வைத்து அழுத்தினான். விரலுக்கடியில் வீடு முழுசாக மறைந்தது, வாசல், ஆட்டுக்கொட்டில், எல்லாம். அழுத்த அழுத்தத் திரையில் வானவில் மாதிரி ஒரு நீர்வளையம் ஓடியது. அந்த நிமிஷம் அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது, அதை ஒளிக்க என்ன இருக்கிறது, சந்தோஷமாகத்தான் இருந்தது. விரலை எடுத்தான், வீடு அங்கேயே இருந்தது, ரேகை மட்டும் எண்ணெயாகப் படிந்திருந்தது. வேட்டி முனையால் துடைத்தான். இன்னும் கிழக்கே போனான். ஓடை, ஓடைக்கு அந்தாண்டை கருவேலங்காடு, காட்டுக்குள் கறுப்பாக ஒரு வட்டம். கிணறு. கிணற்றைக் கண்டால் போதும், மிச்சத்தை அவன் கண்ணை மூடிக்கொண்டு சொல்வான்.

கிணற்றின் கைப்பிடிச் சுவரில் முதுகை வைத்து நின்று மேற்கே பார்த்து நடந்தால் வரப்பு. நாற்பத்திரண்டு எட்டு. அது அவன் அப்பா பெரியகருப்பன் கணக்கு. வருஷா வருஷம் சித்திரையில் நல்லேர் கட்டுகிற அன்று, மாட்டுக்குப் பொட்டு வைத்த பிறகு, ஏரில் கை வைப்பதற்கு முன்னால், அப்பா ஒருத்தர்தான் நடப்பார். மற்ற யாரும் நடக்கக் கூடாது, எண்ணும்போது பேசக் கூடாது. நாற்பத்திரண்டாவது எட்டில் குதிங்கால் வரப்பை மிதிக்கும், திரும்பிப் பார்த்து, "சரியாத்தாண்டா இருக்கு, பூட்டு" என்பார். சின்னப் பிள்ளையிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் சோணைமுத்துவுக்கு வருஷம் பிறக்கும். அப்பா செத்த பிறகு நாலு வருஷம் அவன் திருப்பூரில் சாயப்பட்டறையில் கிடந்தான், நிலம் தரிசாகக் கிடந்தது. திரும்பி வந்த சித்திரையில் அவன் நடந்தான், வாழ்நாளில் முதல் தடவையாக. முப்பத்தெட்டில் வரப்பு வந்து காலில் இடித்தது. மறுபடி கிணற்றுக்கு வந்து நடந்தான், முப்பத்தெட்டு. மூன்றாம் தரம் சத்தமாக எண்ணிக்கொண்டு நடந்தான். முப்பத்தெட்டு. நாலு எட்டைக் காணோம். நாலு எட்டு என்றால் பத்தடி, நீளத்துக்கும் பத்தடி. ஆளில்லாத நாலு வருஷத்தில் வருஷத்துக்கு ஒரு எட்டாகச் செதுக்கிச் செதுக்கி உள்ளே வந்துவிட்டான் பக்கத்து வயல் தங்கையா, கூடப் பிறக்காத குறையாக வளர்ந்தவன். கணக்கு எவ்வளவு அழகாகப் பொருந்தியது பாருங்கள், வருஷத்துக்கு ஒன்று! ஸ்டேஷனில் எழுதிக்கொண்டிருந்த ஏட்டு பேனாவை நிறுத்திக் கேட்டார், "முப்பத்தெட்டாய்யா, எட்டாய்யா? ஒண்ணச் சொல்லு." முப்பத்தெட்டு எட்டு என்று அவன் திரும்பத் திரும்பச் சொன்னான். கை முழுக்க ரத்தம் காய்ந்து தோல் இழுத்துக்கொண்டிருந்தது, அப்போதும் அவனுக்கு அந்த எண்ணிக்கை சரியாக எழுதப்பட வேண்டும் என்பதுதான் கவலையாக இருந்தது.

சித்திரை, வைகாசி, ஆனி என்று மூன்று மாதம் நெஞ்சுக்குள் வைத்துக் காய்ச்சினான். ஆடியில் ஒரு காலை போனபோது தங்கையா வரப்பில் குனிந்து நின்று மண்வெட்டியால் செதுக்கிக்கொண்டிருந்தான். புல்லைத்தான் செதுக்கினான், விதைப்புக்கு முன்னால் எல்லோரும் செதுக்குவதுதான். ஆனால் சோணைமுத்துவின் கண்ணுக்கு அது அஞ்சாவது எட்டாகத் தெரிந்தது. "என்னண்ணே, காலங்காத்தால" என்று நிமிர்ந்தான். என்ன பேசினோம், எவ்வளவு நேரம் பேசினோம், எல்லாம் கலங்கல். ஒன்று மட்டும் தெளிவு. "அதுக்கு எதுக்குண்ணே இந்தக் கத்துக் கத்துற, சர்வேயரக் கூட்டியாந்து அளந்து பாத்துருவோம். ஒனக்குச் சேர வேண்டியதா இருந்தா நானே வரப்ப எடுத்துத் தள்ளிப் போட்டுத் தாரேன்." அளந்து பார்ப்போம் என்ற அந்தச் சொல்தான் குத்தியது. "எங்கப்பன் அளந்ததுக்கு மேல ஒங்கப்பன் வந்து அளக்கப் போறானாடா?" பிடுங்கியது தெரியும். முதல் அடி தோள்பட்டையில் இறங்கியது தெரியும், தங்கையா வலிக்குக் கத்தாமல், நம்ப முடியாதவனாக, "அண்ணே?" என்றான், கேள்வியாகத்தான் கேட்டான். இரண்டாவது அடி அந்தக் கேள்வி மேலேயே விழுந்தது. பற்கள் வரப்புப் புல்லில் தெறித்தன, வெள்ளையாக, சின்னதாக. மூன்றாவது தலை. அதோடு முடிந்தது என்றுதான் அவனுக்கு ஞாபகம். டாக்டர் கூண்டில் ஏறி ஏழு வெட்டு என்றார், ஒவ்வொன்றாக நீள அகலம் ஆழம் படித்தார். சோணைமுத்து திடுக்கிட்டு நிமிர்ந்தான். பொய் சொல்கிறார் என்று கத்த வாயெடுத்தான். மிச்சம் நாலு வெட்டை யார் போட்டது? பதினோரு வருஷமும் சுவரைப் பார்த்துப் படுத்து அந்த நாலைத் தேடினான். கிடைக்கவில்லை. அந்த இடத்தில் கை ஏறி இறங்குகிறது, ஆள் இல்லை. தேடிக் களைத்துப் போகும்போதெல்லாம் ஒன்றைத்தான் பற்றிக்கொள்வான். ஏழோ எழுபதோ, அவன் திருடினான். செஞ்சது பாவந்தான், ஆனால் சும்மா செய்யவில்லை. அதைச் சொல்லிக்கொண்டால் தூக்கம் வந்துவிடும்.

நாலு: கடிகாரம் மாதிரி ஒரு படம் இருக்கும், தட்டினால் பழைய வருஷம் வரும். ஐந்து: அளவுகோல் படத்தைத் தட்டி, ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு கிளிக், முடிகிற இடத்தில் ஒரு கிளிக். மவுஸ் வியர்வையில் வழுக்கியது. கடிகாரத்தைத் தட்டினான், மேலே ஒரு கோடு, கோட்டில் ஒரு குமிழ். குமிழை இடதுபக்கம் தள்ளத் தள்ள கருவேலங்காடு கரைந்து, தரை திறந்து, 2005 என்று நின்றபோது, ஐயோ, அப்பாவின் வயல். உழுத சால்கூடத் தெரிந்தது. அப்பா அப்போது உயிரோடிருக்கிறார், இந்தப் படத்துக்கு வெளியே எங்கேயாவது டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். வரப்பு வெள்ளைக் கோடாகத் தெற்கு வடக்காக ஓடியது. அளவுகோலைத் தட்டினான். எந்த அளவில் வேண்டும் என்று ஒரு பட்டியல் விழுந்தது. மீட்டர், கிலோமீட்டர், அடி, கஜம், மைல். எட்டு இல்லை. உலகத்தையே கொண்டுவந்து வைத்திருக்கிறான்கள், அப்பாவின் அளவு இல்லை. அடியைத் தட்டினான். கிணற்றுச் சுவரில் ஒரு கிளிக். மஞ்சள் கோடு கிணற்றிலிருந்து வால் மாதிரி அவன் கூடவே இழுபட்டு வந்தது. வரப்பில் ஒரு கிளிக். தொண்ணூற்றெட்டு அடி. தாளில் குறித்துக்கொண்டான், எண்ணைச் சுற்றி மகள் மாதிரியே வட்டம் போட்டான். இது அப்பா காலம். இனி தங்கையா செத்த வருஷம். எண்பத்தெட்டு வர வேண்டும். எண்பத்தொன்பது, தொண்ணூறு என்றாலும் பரவாயில்லை, கை நடுக்கத்துக்கு இரண்டடி விட்டுக்கொடுக்கலாம். குமிழை வலதுபக்கம் தள்ளினான். 2011, பிப்ரவரி. அவன் திருப்பூரிலிருந்து வருவதற்கு இரண்டு மாதம் முன்னால், அவனைத் தவிர எல்லாம் இருந்த இடத்தில் இருக்கிறது. கிளிக். இழுத்தான். கிளிக். தொண்ணூற்றெட்டு.

தப்பாகக் குத்தியிருப்பேன் என்று அழித்தான். மறுபடி. தொண்ணூற்றேழே முக்கால். மறுபடி. தொண்ணூற்றெட்டும் சொச்சமும். 2005க்குப் போனான், வந்தான், போனான், வந்தான், வரப்பு மயிரளவு அசையவில்லை. மெசின் பொய் சொல்கிறது. கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கோடு இழுத்தான், இரண்டு வருஷத்திலும் ஒரே அளவு, கோயில் நகர்ந்திருக்காது, பள்ளிக்கூடம் நகர்ந்திருக்காது, வரப்பு மட்டும் நகர்ந்திருக்க வேண்டுமே. "நகருடா" என்று கத்தினான். மேஜையை ஓங்கிக் குத்தினான், டம்ளர் உருண்டு விழுந்தது, கீழ்வீட்டு அம்மாள், "என்னாங்கய்யா சத்தம்?" என்று குரல் கொடுத்தாள். அந்த மடங்காத சுண்டுவிரல் வீங்கத் தொடங்கியது, வலித்தது, வலி நன்றாக இருந்தது, இன்னொரு தரம் குத்தினான். அப்படியானால் அப்பா பொய் சொன்னாரா? அப்பாவின் கழுத்தை நெரிக்கலாம் போலிருந்தது, செத்தவர் கழுத்தை. நாற்பத்திரண்டு என்று நானும்தானே ஓரத்தில் நின்று வாய்க்குள் எண்ணினேன், வருஷா வருஷம். முப்பத்தெட்டு என்று நானேதானே நடந்தேன், மூன்று தரம். எண்ணிக்கையில் தப்பே இல்லை. பேனாவை எடுத்தான். தொண்ணூற்றெட்டை நாற்பத்திரண்டால் வகுத்தான், ஐந்தாங் கிளாஸ் வகுத்தல், இரண்டேகால் அடிக்குக் கொஞ்சம் மேலே வந்தது. தொண்ணூற்றெட்டை முப்பத்தெட்டால் வகுத்தான், இரண்டரைக்கும் மேலே வந்தது. எழுந்தான். கூடத்தில் பதித்திருந்தது இரண்டடி டைல். சுவரோடு குதிங்காலை வைத்து ஒரு எட்டு வைத்தான், ஒரு டைலைத் தாண்டி முக்கால் சாண் போய் விழுந்தது கால். அப்பா மாதிரி வைத்துப் பார்த்தான். அப்பா அவனுக்கு மார்பு உயரம் இருப்பார், பாடை தூக்கும்போது என்னடா பிள்ளையைத் தூக்குகிற மாதிரி இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். குறுகுறுவென்று நடப்பார், அவருக்குப் பின்னால் நடக்கும்போதெல்லாம் அவர் குதிங்காலை மிதித்துத் திட்டு வாங்குவான். குட்டைக்கால் நாற்பத்திரண்டு வைத்த தூரத்தை நெட்டைக்கால் முப்பத்தெட்டில் கடந்தது. அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. காணாமல் போன நாலு எட்டும் தங்கையாவின் வயலில் இல்லை, இங்கே, இடுப்புக்குக் கீழே, அவனுடைய தொடையில் இருந்தது. அளந்து பார்ப்போம் என்று சொன்னானே. அளந்திருந்தால் அரைநாள் வேலை. சோணைமுத்து தன் இரண்டு தொடையையும் முஷ்டியால் மாற்றி மாற்றிக் குத்திக்கொண்டே டைல்மேல் உட்கார்ந்தான்.

எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. எழுந்து நாற்காலிக்கு வந்தபோது 2011 அப்படியே திறந்திருந்தது. சக்கரத்தை உருட்டினான், கிட்டே, இன்னும் கிட்டே, வரப்பு பட்டையாகி, மங்கலாகி, வடக்குமுனையில் ஒரு புள்ளி. புள்ளியிலிருந்து மேற்கே நீளமாக ஒரு நிழல். மரமில்லை, அங்கே மரம் கிடையாது. ஆள். காலை வெயிலில் வரப்புமேல் நிற்கிற ஆள். முகமில்லை, கையில்லை, ஒரு அரிசி அளவு. ஆனால் அந்தப் பிப்ரவரியில் அந்த வரப்பில் நிற்க வேறு யார் இருந்தார்கள்? இன்னும் அஞ்சு மாதம் பாக்கி இருக்கிறது அவனுக்கு. பல்லெல்லாம் வாயில் இருக்கிறது. வீட்டுக்குப் போனால் பஞ்சவர்ணம் கஞ்சி ஊற்றுவாள். சோணைமுத்துவின் கை அவனைக் கேட்காமல் குமிழை வலதுபக்கம் தள்ளியது. 2014. புள்ளி இல்லை. உழவு இல்லை, வரப்பே இல்லை, ஒருவன் சுடுகாட்டிலும் ஒருவன் ஜெயிலிலும் இருக்க, இரண்டு வயலையும் முள் சேர்த்து மூடியிருந்தது. இடதுபக்கம் தள்ளினான், ஆள் நின்றான். வலதுபக்கம். இல்லை. இடது. இருக்கிறான். வலது. கை நிற்க மாட்டேன் என்றது. எண்ண ஆரம்பித்துவிட்டதை அவன் கொஞ்சம் கழித்துத்தான் கவனித்தான். நாலு. அஞ்சு. ஆறு. "அய்யோ, போதும்டா" என்று வாய்விட்டுச் சொல்லி மவுஸைப் பிடுங்கிச் சுவரில் அடித்தான், அது இரண்டாகப் பிளந்து பேட்டரி உருண்டு ஓடியது. திரையில் ஆள் நின்றுகொண்டிருந்தான்.

போன் அடித்தது. நித்யகலா. சாப்பாட்டு நேரம். பின்னால் பெண்கள் சிரிக்கிற சத்தமும் டப்பா திறக்கிற சத்தமும். "அப்பா, சாப்டீங்களா? ரசம் அடுப்புமேலயே இருக்கு." சாப்பிடணும் என்றான். "படம் வந்துச்சாப்பா? காடு தெரிஞ்சுச்சா?" தெரிந்தது என்றான். "பழைய வருசமுமா?" அதுவும் வந்தது என்றான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டது கேட்டது. அந்த இடைவெளியில் அவனுக்குப் பொய் ஒன்று கையில் வந்து நின்றது, நல்ல பொய், மேகம் மறைத்துவிட்டது அம்மா, ஒன்றும் சரியாகத் தெரியவில்லை. அவள் நம்புவாள். வழக்கு இழுக்கும், பதினாலு வருஷம் கிடந்த பிரச்சினை இன்னும் கொஞ்சம் இழுக்கும், இவனும் அதற்குள் செத்துப் போவான். "சொல்லுங்கப்பா. எத்தன அடி உள்ள வந்துருக்கான்?"

"வரலம்மா."

"என்னாது?"

"யாரும் வரல. வரப்பு இருந்த எடத்துலதான் இருந்துருக்கு. ரெண்டு வருசத்தையும் அளந்துட்டேன், பத்துத் தடவ அளந்துட்டேன்." "தாத்தாவுக்கு குட்டக்காலும்மா. அவர் எட்டு வேற, என் எட்டு வேற. நான் எங்காலால நடந்து எண்ணிருக்கேன். தங்கையா ஒரு சாண்கூட எடுக்கல."

அந்தப் பக்கம் சிரிப்பு, டப்பா, யாரோ ஊறுகாய் கேட்டார்கள். அவள் அங்கிருந்து எழுந்து நடக்கிறாள் போல, சத்தமெல்லாம் விலகியது, ஒரு கதவு சாத்தியது. அழப் போகிறாள், திட்டப் போகிறாள் என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றான். அவள் அழவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளை குரலில் கேட்டாள்.

"அப்ப எதுக்குப்பா?"

இதே கேள்வியை இன்ஸ்பெக்டர் கேட்டார், வக்கீல் கேட்டார், வார்டர் கேட்டார், செத்துக்கொண்டிருந்த பெண்டாட்டி ஜெயில் கம்பிவலைக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள். எல்லோருக்கும் அவன் ஒரே பதில்தான் சொல்லியிருந்தான். நிலத்தைத் திருடினான் என்று. "அப்பா?" என்றாள் மறுபடி. சோணைமுத்து வாயைத் திறந்தான்.